பழைய ரேடியேட்டருக்குப் புதுப் பூச்சு: தூரிகையா, ஸ்பிரேயா, பட்டறையா, புதியதா?

பிரிட்டனில் பழைய வீடு ஒன்றை வாங்கிச் சுவருக்கு வண்ணம் பூசி, தரையை மாற்றி, திரைச்சீலையும் தொங்கவிட்ட பிறகு, கண்ணை உறுத்தியபடி மிஞ்சி நிற்பது பெரும்பாலும் ரேடியேட்டர்தான். வெள்ளை மஞ்சளித்திருக்கும், அடிவிளிம்பில் துரு படர்ந்திருக்கும், முன்பு இருந்தவர் அவசரத்தில் பூசிய பெயின்ட் வடிந்து உறைந்த தடங்கள் வெளிச்சம் படும்போது தெரியும். லண்டனின் ஈஸ்ட்ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பகுதிகளின் பழைய வரிசை வீடுகளில் குடியேறியிருக்கும் நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நாமே பூசிக்கொள்ளலாமா, கழற்றிப் பட்டறைக்கு அனுப்பலாமா, அல்லது எடுத்துப் போட்டுவிட்டுப் புதியது மாட்டலாமா என்று கேட்டால், கடைக்காரர் ஒன்று சொல்கிறார், பிளம்பர் ஒன்று சொல்கிறார், ஏற்கெனவே செய்து பார்த்த உறவினர் வேறொன்று சொல்கிறார்.

இங்கே பேசப்படுவது பாய்லரிலிருந்து வரும் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர். அதில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மெல்லிய எஃகுத் தகடுகளை அழுத்திப் பற்றவைத்துச் செய்த தட்டை வகை. இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். மற்றொன்று, தூண் தூணாக நிற்கும் வார்ப்பிரும்பு வகை. இது பழைய பெரிய வீடுகளில் தொடக்கத்திலிருந்தே இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு பள்ளியிலோ தேவாலயத்திலோ கழற்றப்பட்டுப் பழம்பொருள் கடை வழியாக வீட்டுக்கு வந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எந்த பெயின்ட், எந்த நிறம் என்பவை கடைசியில் வரவேண்டிய கேள்விகள். அடியிலுள்ள இரும்பு எந்த நிலையில் இருக்கிறது, ஏற்கெனவே உள்ள பூச்சு எந்தக் காலத்தது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், வழி பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

## எடைபோட வேண்டியவை

இரும்பின் நிலை. தட்டை ரேடியேட்டரில் துரு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். குளியலறையின் ஈரமும், குளிர்காலத்தில் மேலே விரித்துக் காயவைக்கும் ஈரத்துணியும் வெளித்துருவை உண்டாக்குகின்றன. இதைச் சுரண்டி எடுத்துச் சரிசெய்துவிடலாம். உள்ளிருந்து வரும் துரு வேறு கதை. குழாய்களுக்குள் ஓடும் நீரில் துருத்தடுப்பு மருந்து போதாமல் போனால், இரும்பு அரித்துக் கருஞ்சேறாக அடியில் படியும். ரேடியேட்டரின் மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதியின் நடுவிடம் குளிர்ந்தும் இருந்தால் சேறு படிந்திருக்கிறது என்று பொருள். தகடுகள் சேரும் கீழ்த்தையலில் பழுப்புநிறக் கண்ணீர்த் தடம் போல ஒரு கோடு இறங்கியிருந்தால், அங்கே ஊசித்துளை விழத் தொடங்கிவிட்டது. திருப்புளியின் நுனியால் அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். தகடு சற்றேனும் உள்வாங்கினால் அதற்கு மேல் பெயின்ட் பூசுவது வீண்செலவு.

பழைய பூச்சின் வயது. இதுதான் எல்லாரும் தாண்டிச் செல்லும் கேள்வி. ஆனால் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது இது ஒன்றே. பிரிட்டனில் காரீயம் கலந்த பெயின்ட் பொதுமக்களுக்கு விற்கப்படுவது 1992இல்தான் சட்டப்படி நின்றது. 1960களுக்குப் பிறகு வீட்டு பெயின்டுகளில் அதன் பயன்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், 1992க்கு முந்தைய பூச்சு உள்ள எதையும் காரீயம் உள்ளதாகவே கருதிக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் வீட்டு பெயின்டுக்கான தடை 1978இல் வந்தது. காரீயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்ற பெண்களும் அதனருகே இருக்கக் கூடாது. வன்பொருள் கடைகளில் கிடைக்கும் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பார்த்தால் நிறமாற்றம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு சிறு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஒன்றில் பெயின்ட் பெயர்ந்த இடத்தின் விளிம்பைக் கைவிளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அதன் வயது புரியும். மேலே வெள்ளை, அதன் கீழ் பாலாடை நிறம், அதன் கீழ் வெளிர்பச்சை, பிறகு வெள்ளிப் பூச்சு, அடியில் இரும்பை ஒட்டிச் செம்பழுப்பு என அடுக்கடுக்காகத் தெரியும். அந்த அடி அடுக்குகளை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது வீடு முழுக்க நஞ்சைத் தூவுவதற்குச் சமம்.

வெப்பம். பூச்சு வெப்பத்தைக் குறைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளையோ கறுப்போ சிவப்போ, சாதாரண பெயின்ட் எதுவாக இருந்தாலும் ரேடியேட்டரின் வெப்பநிலையில் வெப்பத்தைக் கதிர்வீசும் திறன் ஏறக்குறைய ஒன்றுதான்; கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. விலக்கு, உலோகத் துகள் கலந்த பெயின்ட். அலுமினிய வெள்ளி, வெண்கலப் பொன் ஆகியவை கதிர்வீச்சைப் பாதி அளவுக்கும் கீழாகக்கூடக் குறைத்துவிடும். ஆனால் ரேடியேட்டர் தரும் வெப்பத்தில் பெரும்பங்கு, அதைத் தொட்டு மேலெழும் காற்றின் வழியாகவே வருவதால், மொத்த இழப்பு பத்து முதல் இருபது விழுக்காட்டுக்குள் இருக்கும். காற்றலைத் தகடு (காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பப் பின்னால் ஒட்டிய மடிப்புத் தகடு) இல்லாத ஒற்றைத் தகட்டு ரேடியேட்டரில் இழப்பு அதிகமாகத் தெரியும். பல தூண்கள் கொண்டதில் குறைவாகத் தெரியும்.

இதில் முக்கியமானது கடைசிப் பூச்சு மட்டுமே. 1930களிலேயே அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது: அடியில் எத்தனை வெள்ளிப் பூச்சு இருந்தாலும், மேலே ஒரு சாதாரண பெயின்ட் ஏறினால் இழந்த வெப்பம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே வெள்ளி பூசிய பழைய வார்ப்பிரும்பு உங்கள் வீட்டில் இருந்து, அறையும் சரியாகச் சூடாகவில்லை என்றால், மீண்டும் பெயின்ட் பூசுவது அழகுக்கான வேலை மட்டுமல்ல.

பணமும் காலமும். டப்பாவின் விலை செலவின் சிறுபகுதிதான். நீர் வடிக்கும் வேலை, பிளம்பர் கூலி, கழற்றிய பின் வெளிப்படும் சுவர், எத்தனை நாள் அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்பவையே உண்மைக் கணக்கு. இவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்ப்போம்.

## வழி 1: மாட்டிய இடத்திலேயே தூரிகையும் சிறு ரோலரும்

தட்டை ரேடியேட்டர் உள்ளே நலமாக இருந்து, மேற்பூச்சு மட்டும் பழசாகிவிட்டது என்றால் இந்த வழியே போதும். 1 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ரேடியேட்டரின் முன்முகம் 0.6 சதுர மீட்டர்தான். ஒரு சிறு டப்பாவில் இரண்டு பூச்சு வந்து மீதியும் இருக்கும். நீரை வடிக்க வேண்டியதில்லை, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இவ்வளவு எளிய வேலை பலருக்கு ஓராண்டில் உரிந்து விழுவதற்குக் காரணம் பெயின்டின் தரம் அல்ல, கழுவாமல் பூசியதுதான். நம் சமையலறையில் இது இரட்டிப்பாக உண்மை. கடுகு தாளித்து, மீன் பொரித்து, நாள்தோறும் எழும் எண்ணெய்ப் புகை, சூடான ரேடியேட்டரின் மேல் படிந்து படிந்து கண்ணுக்குத் தெரியாத பசையாகிவிடும். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ரேடியேட்டரைச் சுகர் சோப் (பெயின்ட் பூசுமுன் பிசுக்கை நீக்கும் தூள்) கரைசலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத் துணியைப் பாருங்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு கறை ஒட்டியிருக்கும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை கழுவி, பிறகு தெளிந்த நீரால் இருமுறை துடைத்து, முழுதும் உலரவிட்ட பின்னரே அடுத்த வேலை.

அடுத்து வாட்டர் பேப்பர் எனும் நனைக்கக்கூடிய உப்புத்தாள். நீரில் நனைத்துத் தேய்ப்பதால் தூள் பறக்காது. பழைய பளபளப்பு மங்கினால் போதும், பூச்சை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. துருவுள்ள இடத்தில் மட்டும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை எடுத்து, அதே நாளில் உலோக பிரைமர் வைத்துவிட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: நீர்சார்ந்த பெயின்டை வெறும் இரும்பின் மேல் நேரடியாகப் பூசினால், அதிலுள்ள நீரே சில மணி நேரத்தில் புதுத் துருவை வரவழைத்து, வெள்ளையின் ஊடே செம்புள்ளிகளாகக் காட்டும். எண்ணெய்சார்ந்த உலோக பிரைமரோ, துருவைத் தடுப்பதாகக் குறிப்பிடப்பட்ட பிரைமரோ இடையில் இருந்தால் இது நேராது.

மேற்பூச்சாக நீர்சார்ந்த ரேடியேட்டர் எனாமலையே நான் பரிந்துரைக்கிறேன். எண்ணெய்சார்ந்த எனாமல் கெட்டியாக, வழவழப்பாக அமையும். தூரிகைத் தடம் தானே அடங்கிவிடும். அதன் உழைப்பை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் வெள்ளை வெப்பத்தில் மஞ்சளிக்கும். கரைப்பான் அளவைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதிகள் 2010இல் இறுகிய பிறகு, அந்த மஞ்சளிப்பு முன்பைவிட விரைவாக வருகிறது என்பது இங்குள்ள பெயின்டர்கள் பலரின் முறையீடு. அடர்நீலமோ கரும்பச்சையோ பூசுபவருக்கு இந்தக் கவலை இல்லை; அவர்கள் எண்ணெய் வகையைத் தாராளமாக எடுக்கலாம். சுவருக்குப் பூசி மீந்த எமல்ஷனை மட்டும் ரேடியேட்டரில் பூச வேண்டாம். ரேடியேட்டரின் சூட்டைத் தாங்கும்படி அது செய்யப்பட்டதல்ல.

வால்வின் தலை, குழாய் இணைப்பு நட்டு, காற்று வெளியேற்றும் திருகு ஆகிய மூன்றையும் மறைப்பு நாடாவால் மூடிவிட வேண்டும். இவற்றில் பெயின்ட் இறுகிவிட்டால் ஐந்தாண்டுக்குப் பின் வரும் பிளம்பர் நட்டைத் திருகும்போது பூச்சும் சேர்ந்து கிழியும்; காற்றுத் திருகு அடைபட்டால் குளிர்காலம் தொடங்கும்போதே தொல்லை. பின்பக்கத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். சுவரைப் பார்க்கும் அந்தப் பக்கத்தில் துரு இல்லையென்றால் விட்டுவிடலாம். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது கண்ணில் படும் அளவுக்கு மட்டும், நீண்ட கைப்பிடி கொண்ட சிறு ரோலரால் எட்டியவரை பூசி, சுவரில் படாமல் இடையே ஓர் அட்டையைச் செருகிக்கொண்டால் போதும்.

வார்ப்பிரும்புக்கு இந்த வழி பொருந்துமா? பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் பொருந்தும். காரீயம் இருக்கக்கூடிய ரேடியேட்டருக்கு இதுவே மிகப் பாதுகாப்பான வழியும்கூட. அசையாமல் ஒட்டியிருக்கும் காரீய அடுக்கின் மேல் புதுப் பூச்சு ஏறி மூடிவிட்டால் அது யாருக்கும் கெடுதல் செய்யாது. அங்கங்கே பெயர்ந்த செதில்களை மட்டும் ஈரம் விட்டுக்கொண்டு சுரண்டி, ஈரத்தாளில் சேர்த்து எடுத்து, உரிய முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். ஆனால் வேலை கூடுதல்: பத்துத் தூண் கொண்ட ஒன்றின் மொத்தப் பரப்பு 2 சதுர மீட்டருக்கு மேல் வரும், அதிலும் பாதி கைபுகாத இடுக்கு. வளைந்த தலையுள்ள நீண்ட தூரிகையால் முதலில் உள்ளிடுக்குகள், பிறகு பக்கங்கள், கடைசியில் முன்முகம் என்ற வரிசையில் போனால்தான் வடிந்த தடங்களை உடனுக்குடன் இழுத்துவிட முடியும்.

## வழி 2: ஸ்பிரே குப்பி

மேற்புறக் கம்பிவலை, பக்கத் தகடு, நுணுக்கமான வேலைப்பாடு ஆகிய இடங்களில் தூரிகை தர முடியாத வழவழப்பை ஸ்பிரே தரும். கழற்றி வெளியே கொண்டுபோய் அடிக்க முடிந்தால் நல்ல வழி.

வீட்டுக்குள்ளேயே அடிப்பதானால் நான் வேண்டாம் என்பேன். நாடாவும் பிளாஸ்டிக் விரிப்பும் சுற்றி ஒட்டவே அரைநாள் போய்விடும். அப்படி ஒட்டினாலும் மெல்லிய துகள் மிதந்துபோய் எதிர்ச் சுவரின் அலமாரி மேலேயே படியும். எளிதில் தீப்பிடிக்கும் ஆவி என்பதால், அதே அறையில் எரிவாயு அடுப்போ எரியும் கணப்போ இருந்தால் அணைத்தாக வேண்டும். இங்கிலாந்தின் வானிலையில் வெளியே அடிப்பதற்கும் காற்றில்லாத, ஈரம் குறைந்த, மிதமான சூடுள்ள நாளைத் தேட வேண்டியிருக்கும். தூண் வகை ரேடியேட்டருக்கு எத்தனை குப்பி பிடிக்கும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இடைவெளிகளின் வழியே பெயின்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுவதால், டப்பா பெயின்டைவிடச் செலவு பன்மடங்காகும்.

## வழி 3: கழற்றிப் பட்டறைக்கு அனுப்புதல்

உலோகக் குருணை போன்றவற்றை வீசிப் பழைய பூச்சை முழுக்க எடுத்து, பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூளையில் சுடும் பூச்சு) செய்து தரும் பட்டறைகள் லண்டனைச் சுற்றி நிறைய உண்டு. நன்றாகச் செய்த பவுடர் பூச்சின் உறுதியைக் கையால் பூசும் எதுவும் எட்டாது. அடுக்கடுக்கான பெயின்டில் புதைந்துபோன பூவேலைப்பாடு மீண்டும் கூர்மையாக வெளிவருவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்கு அது பெறத் தகுந்த மரியாதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுகளும் இதில்தான் அதிகம்.

முதலாவது எடை. பெரிய வார்ப்பிரும்பு ரேடியேட்டர் 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். மாடிப்படியில் இறக்க மூவர் நால்வர் வேண்டும். கால் வழுக்கினால் படியும் உடையும், விரலும் நசுங்கும். இரண்டாவது நீர். தட்டை ரேடியேட்டரைக் கழற்றுவது கைப்பழக்கம் உள்ளவருக்குப் பெரிய வித்தையல்ல: இருபுற வால்வையும் மூடி, மூடும்போது பூட்டுவால்வு (நீரோட்ட அளவை நிலைப்படுத்தும் மறுபக்க வால்வு) எத்தனை சுற்று திரும்பியது என்று குறித்துவைத்து, அடியில் தட்டு வைத்து, நட்டைத் தளர்த்தி, காற்றுத் திருகைத் திறந்தால் நீர் இறங்கிவிடும். அந்தச் சுற்றுக் கணக்கைக் குறிக்காமல் விட்டால், திரும்ப மாட்டிய பிறகு ஓர் அறை கொதிக்கவும் மற்றோர் அறை குளிரவும் நேரும். ஆனால் பல ஆண்டு திருகப்படாத பழைய வால்வு முழுதும் மூடாது, அல்லது மூடிய பின் திறக்கும்போது கசியும். வால்வு மாற்றும் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. திரும்ப மாட்டியதும் துருத்தடுப்பு மருந்தைச் சரிக்கட்டி, பாய்லரின் அழுத்தமானியைப் பார்த்து நீரேற்றிக் காற்றும் எடுக்க வேண்டும். கழற்றியதில் ஒரு நன்மையும் உண்டு: தோட்டக் குழாயை மாட்டி உள்ளே நீர் பாய்ச்சினால், அடியில் படிந்திருந்த கருஞ்சேறு வெளியேறிவிடும். பல வீடுகளில் அறை சூடாகாததற்குக் காரணமே அந்தச் சேறுதான்.

பட்டறைக்குள் நடப்பதையும் கேட்டறிய வேண்டும். பவுடர் பூச்சு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூளையில் சுடப்படுகிறது. ரேடியேட்டருக்குள் தேங்கிய நீர் அந்தச் சூட்டில் நீராவியாகும் என்பதால் முற்றிலும் வடித்து உலர்த்தியே கொடுக்க வேண்டும். தூண்களுக்கிடையே ரப்பர் அல்லது நார் வளையங்கள் வைத்து இணைத்தவை என்றால், சூட்டில் அவை கருகிக் கசிவு தொடங்கலாம். உலோகத்தோடு உலோகம் பொருந்தும் பழைய இணைப்புகளுக்கு இந்த அச்சம் குறைவு. குருணை வீசும்போது துளைகளை அடைத்துவைக்காவிட்டால் அது உள்ளே புகுந்து, பின்னர் பாய்லரின் பம்ப்புக்குப் போய்ச் சேரும். வார்ப்பிரும்பு நுண்துளைகள் உள்ளது. முன்கூட்டியே சூடேற்றி உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றாவிட்டால், சூளையில் அது பூச்சைத் துளைத்துக்கொண்டு கிளம்பி ஊசிமுனைப் புள்ளிகளை விட்டுச்செல்லும். மின்னூட்டத்தால் ஒட்டும் பவுடர், நெருங்கி நிற்கும் தூண்களின் உள்ளிடுக்குகளில் எளிதில் நுழைவதில்லை என்பதும் உண்டு. ஆகவே முன்பு செய்துகொடுத்த வார்ப்பிரும்பு ரேடியேட்டரைக் காட்டச் சொல்லி, தூண்களுக்கு நடுவே விளக்கடித்துப் பாருங்கள். அங்கே பூச்சு முழுமையாக இருந்தால் அந்தப் பட்டறையை நம்பலாம். திரும்பி வந்ததும் மாட்டுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்து தருவார்களா என்றும் கேட்டுவிட வேண்டும்.

காரீயம் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அங்கே வேலை செய்பவரின் நுரையீரலும் நம்முடையது போன்றதுதான். முறையான வசதியுள்ள பட்டறைகள் தனி அறையில் வைத்துச் செய்யும், வசதியில்லாதவை மறுத்துவிடும். பூச்சு பெயர்ந்து உதிரும் நிலையில் உள்ள காரீய ரேடியேட்டரை வீட்டிலேயே சுரண்ட முயல்வதைவிட இந்தச் செலவு எவ்வளவோ மேல்.

சாதாரண எஃகுத் தட்டை ரேடியேட்டருக்கு இந்த வழி தேவையா என்றால், இல்லை. பட்டறைக் கட்டணமும் போக்குவரத்தும் சேர்ந்து புதிய ரேடியேட்டரின் விலையை எட்டிவிடும்.

## வழி 4: புதியது மாட்டுதல்

நடுத்தர அளவுள்ள இரட்டைத் தகட்டு எஃகு ரேடியேட்டர் 100 பவுண்டைச் சுற்றியே கிடைக்கிறது. உள்ளிருந்து துருப்பிடித்த தகட்டுக்கு வேறு மருந்து கிடையாது.

விலைச்சீட்டில் இல்லாதது பொருத்தும் வேலைதான். மெட்ரிக் அளவுக்கு மாறுவதற்கு முன் மாட்டப்பட்ட ரேடியேட்டர்கள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. புதியது மில்லிமீட்டர் கணக்கில் வருவதால் இரு குழாய்களுக்கு இடையிலான தூரம் சிறிது பிசகும். நீட்டிப்பு இணைப்பு போட்டுச் சமாளிக்கலாம், அல்லது தரைப்பலகையைத் தூக்கிக் குழாயை நகர்த்த வேண்டியிருக்கும். பழைய தாங்கிகளின் துளைகள், பின்னால் பல ஆண்டாக வண்ணம் படாத சுவர், அங்கே மட்டும் எஞ்சியிருக்கும் பழைய சுவர்த்தாள் எல்லாம் வெளிப்படும். ரேடியேட்டர் மாற்றப் போய் அறை முழுவதற்கும் வண்ணம் பூசியவர்கள் பலர்.

ஆனால் ஒரு நிலையில் நான் தயங்காமல் புதியதையே சொல்வேன். அடுத்த சில ஆண்டுகளில் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு வெப்பப் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் மின்கருவி) மாட்டும் எண்ணம் இருந்தால், சிறிய ஒற்றைத் தகட்டு ரேடியேட்டருக்கு இப்போது பூச்சு செய்வது பொருளற்றது. ரேடியேட்டரின் வெப்பத்திறன், உள்நீர் அறையைவிட 50 டிகிரி சூடாக இருக்கும் என்ற கணக்கில் குறிப்பிடப்படுகிறது; வெப்பப் பம்ப் 45 டிகிரியில் நீரை அனுப்பும்போது அதே ரேடியேட்டர் பாதிக்கும் குறைவான வெப்பத்தையே தரும். அந்த நாளில் பெரியது மாட்ட வேண்டி வரும் என்றால், அதை இப்போதே மாட்டிவிடலாம். பெரிய ரேடியேட்டர் பாய்லரையும் குறைந்த சூட்டில் ஓடவிடும். திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் இன்றைய பாய்லர்கள் புகையில் உள்ள வெப்பத்தையும் மீட்டெடுக்கின்றன, எரிவாயுச் செலவு குறைகிறது.

வார்ப்பிரும்பைக் கழற்றினால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கட்டடப் பழம்பொருள் வாங்குவோர் அதற்கு நல்ல விலை கொடுப்பார்கள். புதிதாக வார்த்த அதே மாதிரி பல நூறு பவுண்டுக்கு விற்கிறது.

## ஒரே பார்வையில்

| | தூரிகை, ரோலர் | ஸ்பிரே | பட்டறை | புதியது |
|---|---|---|---|---|
| ஏற்ற ரேடியேட்டர் | உள்ளே நலமான தட்டை வகை. பூச்சு உறுதியான வார்ப்பிரும்பு | கழற்றி வெளியே கொண்டுபோகக்கூடிய சிறியவை | பூச்சு உதிரும், வேலைப்பாடு புதைந்த வார்ப்பிரும்பு | உள்துரு கண்ட தட்டை வகை |
| நீர் வடித்தல் | வேண்டாம் | வெளியே அடித்தால் வேண்டும் | வேண்டும் | வேண்டும் |
| மறைசெலவு | கழுவும், தேய்க்கும் உழைப்பு | மூடும் பொருள், வீணாகும் குப்பி | வால்வு, சுமைகூலி, அழுத்தச் சோதனை | குழாய் பிசகு, பின்சுவர் |
| காரீயம் இருந்தால் | மேலே மூடுவது பாதுகாப்பு | தேய்க்காவிட்டால் சரி | முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் | முழுதாக வெளியேறிவிடும் |
| அறை குளிர்ந்திருக்கும் காலம் | சில நாள் | சில நாள் | சில வாரம் ஆகலாம் | ஒரு நாள் |

ஐந்தாவது வழியாக மரப்பெட்டி போட்டு மூடிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு சொல்: பெட்டி வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும், அறையின் சூட்டை உணர்ந்து தானே மூடும் கட்டுப்பாட்டு வால்வையும் அறை சூடாகிவிட்டதாக ஏமாற்றும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சுடாமல் காப்பதற்காக வைப்பது வேறு. அசிங்கத்தை மறைக்க வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முதல் வழி ஒன்றே திறந்திருக்கிறது, அதுவும் உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு பெற்ற பின்பே. கழற்றி மாட்டும்போது கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் அந்த இழப்பு நம் தலையில் விழும். சொந்த வீடென்றாலும், எல்லா அறைக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. படுக்கையறைகளின் தட்டை ரேடியேட்டர்களுக்கு ரோலர், குளியலறையில் அடி அரித்துப்போனதற்குப் பதில் புதியது, முன்னறையின் வார்ப்பிரும்புக்குப் பணம் சேரும்போது பட்டறை என்று பிரித்துச் செய்பவர்களே குறைந்த செலவில் நிறைவான பலன் அடைகிறார்கள்.

## முடிவெடுத்த பின்: பருவமும் முதல் சூடும்

எந்த வழியானாலும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே இந்த வேலைக்கு உரியவை. சூடான ரேடியேட்டரில் பூசினால் தூரிகை ஓடும்போதே பெயின்ட் இறுகிக் கோடு கோடாக நிற்கும்; ஆகவே முந்தைய நாளே வால்வை மூடி முழுதும் குளிரவிட வேண்டும். பிளம்பருக்கும் பட்டறைக்கும் கோடையில் நேரம் எளிதாகக் கிடைக்கும், அறை குளிர்ந்திருப்பதும் யாரையும் வருத்தாது.

கையால் பூசியதைத் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே சூடேற்றிவிடக் கூடாது. டப்பாவில் சொன்ன காலம் முழுதும் பொறுத்திருந்து, முதல்முறை வால்வைக் குறைந்த அளவில் திறந்து, இரண்டாம் நாள் சற்றே கூட்டி, பிறகு வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் சில தடவை ஒரு வாடை எழும். அப்போது சன்னலைத் திறந்துவைத்து, கைக்குழந்தைகளை வேறு அறையில் படுக்கவையுங்கள். நீர்சார்ந்த எனாமல் முழுதும் கெட்டிப்படச் சில வாரம் ஆகும் என்பதால், அதுவரை அதன் மேல் ஈரத்துணி எதையும் காயப்போட வேண்டாம். இளம் பூச்சில் துணியின் மடிப்பு அப்படியே பதிந்துவிடும்.